சரக்கு வாசல்

காலை ஐந்தேகால்.
கொள்ளுப்பிட்டியில் எங்கள் ஹோட்டலின் பின்பக்கம்
கடல் தெரியாது, உப்பு மட்டும் வரும்.
முன்பக்கத்தில் கடலுக்குத் தனிக் காசு.

முதலில் மாடு வருகிறது, விமானத்தில் வந்த பெட்டியில்.
பண்ணையின் பெயர், தகப்பன் காளையின் பெயர்,
எத்தனை நாள் எந்தத் தானியம் தின்றது,
மூக்கின் ரேகைகூட ஒட்டியிருக்கிறது பேப்பரில்.
என் வம்சத்தில் எவருக்கும்
இவ்வளவு பத்திரம் இருந்ததில்லை.

பிறகு சிங்கி இறால், நண்டு.
சிலாபக் களப்பு என்று ஒரு பெட்டி,
நேற்றிரவு பிடித்தது என்று ஒரு பெட்டி,
மீன்காரரின் படத்தோடு இன்னொன்று.
படத்தில் அவர் சிரிக்கிறார்.
விலை பேசுமுன் எடுத்த படமாயிருக்கும்.

கடைசியில் நிலாம்தீன் நானாவின் வேன்.
ஈரச் சாக்கை விலக்கித் தராசில் போடுவார்.
பதினெட்டுக் கிலோ நானூறு.
பில் புத்தகத்தில் பென்சிலால்: ஆடு.

மெனுவிலும் அப்படித்தான்.
மாட்டுக்கு நாலு வரி, மீனுக்கு மூன்று.
கோழிக்குக் கோழி.
பன்றி கடைசிப் பக்கத்தில், கண்ணில் படாமல்.
வாத்து எந்தக் கப்பலில்
எத்தனை மாதம் உறைந்து கிடந்ததென்று
கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

புதிதாய் வந்த ஷெஃப் சமோத் ஒருநாள் கீழே இறங்கி வந்தார்.
"இந்த ஆடு எங்கேயிருந்து?"
"வேனிலிருந்து" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மேசை பதினொன்றில் ஒரு அம்மா கேட்டாராம்,
மாட்டுக்கு ஊர் சொல்கிறீர்கள், மீனுக்குச் சொல்கிறீர்கள்,
ஆடு மட்டும் என்ன அநாதையா என்று.

நானாவுக்குப் போன் போட்டேன்.
"எந்த ஊர் ஆடு, நானா?"
"ஏன் தம்பி, ஏதும் முறைப்பாடா?"
"இல்லை, பெருமைக்கு."
கொஞ்ச நேரம் வேன் எஞ்சின் மட்டும் பேசியது.
"ஒண்டு புத்தளம். ரெண்டு மன்னார்ப் பக்கம்.
மத்தது சந்தையில வாங்கினது,
அதுக்கிட்ட நான் கேக்கல்ல."

எனக்கு அந்தக் கேள்வி பழக்கம்.
கொட்டாஞ்சேனை லொட்ஜில் ஆறு பேர் ஒரு அறையில்.
டோர்ச் வெளிச்சம் முதலில் முகத்தில் விழும்,
பிறகு அட்டையில்.
"ஊர்?"
"முருங்கன்."
முருங்கன் என்றால் லொறியில் ஏறவேண்டும்.
இறக்கிவிடுவது எப்போது என்று லொறிக்கே தெரியாது.
பொலிஸ் பதிவுத் துண்டைப் பொலித்தீனில் சுற்றி
குளிக்கும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தேன்.
மூக்கின் ரேகை கேட்டிருந்தால்
அதையும் கொடுத்திருப்பேன்.

ஷெஃபுக்கு எழுதிக் கொடுத்தேன்:
மன்னார் ஆடு.
உவர்நிலத்துப் பற்றைகளில் மேய்ந்தது,
உடைமரத்து நெற்றுத் தின்றது.
நெற்று உண்மை. பற்றை உண்மை.
மணிச்சத்தம் ஒன்றும் சேர்க்க வந்தது கைக்கு, விட்டுவிட்டேன்.
மனேஜர் வாசித்துவிட்டு
விலையில் ஆயிரத்து எழுநூறு கூட்டினார்.
ஊரின் பெயருக்கு அவ்வளவு பெறுமதி என்று
முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவு பதினாலு தட்டுப் போனது.
மேசை பதினொன்று அம்மா கண்ணை மூடிச் சுவைத்து
"அந்த உவர்ப்பு நாக்கில் தெரிகிறது" என்றாராம்.
அன்றைக்கு வந்தது சந்தை ஆடு.
உப்புப் போட்டது சமையலறையில்
தெல்தெனியப் பையன்.

நானும் ஒரு துண்டு தின்றேன், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று.
நல்லாயிருந்தது.
ஊர் தெரியவில்லை.

இன்று காலை வேன் வந்தது.
நானா பென்சிலை விட்டுவிட்டார்.
காதில் செருகிய நீலப் பேனையால்
பெரிய எழுத்தில் எழுதுகிறார், ஒவ்வொரு வரியிலும்:
மன்னார். மன்னார். மன்னார்.
கோழிக்கும்.

தராசைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.